தளையும் கடிவாளமும்: ஒரு கால்நடைக் கட்டின் சொற்பொருளும் யாப்புத் திறனாய்வும்

1. முன்னுரை

செய்யுள் உறுப்புகளுக்குத் தமிழர் இட்ட பெயர்கள் பெரும்பாலும் கைத்தொழிலையும் உடலையும் சார்ந்தவை. அடி என்பது பாதம். தொடை என்பது தொடுக்கப்பட்டது. யாப்பு என்பது கட்டு. இவற்றினிடையே தளை என்னும் பெயர் தொழுவத்தைச் சார்ந்தது. மேயும் விலங்கின் கால்களைப் பிணைக்கும் கயிற்றின் பெயர், ஒரு சீரின் இறுதியையும் அடுத்த சீரின் முதலையும் பிணைக்கும் ஓசை உறவுக்குப் பெயராயிற்று. இதனை அறியாதார் இல்லை. எனினும் இந்தப் பெயர் ஏன் இட்டனர், அக்கயிறு எத்தகைய கயிறு என்னும் வினா யாப்பியல் ஆய்வுகளில் போதிய அளவு எழுப்பப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வினா சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று. கடந்த அறுபது ஆண்டுகளாக மரபுக்கவிதை, புதுக்கவிதை ஆகியவற்றைப் பற்றிய தமிழ்த் திறனாய்வில் தளை என்னும் சொல் பெரும்பாலும் சிறை, அடிமை, தடை என்னும் பொருளிலேயே ஆளப்பட்டு வந்துள்ளது. ‘தளைகளை அறுத்த கவிதை’ என்பது பாராட்டு. ‘தளைக்குள் முடங்கிய கவிதை’ என்பது பழிப்பு. இவ்வழக்கு கயிறுகளுக்கிடையிலான வேறுபாட்டை மறந்ததால் விளைந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. யாங்கோன் மாநகரின் மேற்கே ஆற்றங்கரையை ஒட்டிய அலோன் நகரியத்திலிருந்து எழுதப்படுவதால், பர்மியக் காடுகளில் இன்றும் காணத்தக்க ஒரு சான்றும் இதற்குத் துணையாகிறது.

2. கட்டுச்சொற்களின் வகைப்பாடு

விலங்கை அடக்கும் கருவிகளுக்குத் தமிழில் சொற்கள் பல. மாட்டுக்கு மூக்கணாங்கயிறும் தாம்பும் நுகமும், குதிரைக்குக் கடிவாளம், யானைக்கு அங்குசமும் கந்தும், நாய்க்குச் சங்கிலி, பழந்தமிழில் தொடர். இவற்றை ஒரு பொருட் பன்மொழியாகக் கருதுவது பிழை. ஒவ்வொன்றிலும் கட்டின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று கேட்டால் வேறுபாடு புலப்படும்.

மூக்கணாங்கயிற்றின் மறுமுனை உழவன் கையில். கடிவாளத்தின் மறுமுனை குதிரை மேல் இருப்பவன் கையில். தாம்பின் மறுமுனை கட்டுத்தறியில். நாயின் தொடர் முளையிலோ உடையவன் கையிலோ முடியும். கந்து, தானே நிலத்தில் ஊன்றிய தூண். இவை அனைத்திலும் கட்டப்பட்ட உயிர் ஒருபுறம், கட்டியவனின் விருப்பமோ அவன் நட்ட மரமோ மறுபுறம்.

தளை இவ்வகையைச் சேர்ந்ததன்று. முன்னங்கால் இரண்டையும், அல்லது முன்கால் ஒன்றையும் பின்கால் ஒன்றையும், சிறிது இடைவெளி விட்டுப் பிணைப்பதே தளை. அதன் இரு முனைகளும் ஓருடலிலேயே உள்ளன. தளைத்த கழுதையைப் பிடித்திருப்பார் யாருமில்லை. கட்டிவைத்த மரமும் இல்லை. அது நடக்கும், மேயும், நீர் குடிக்கும், படுத்தெழும். ஓட மட்டும் இயலாது. ஊர்ப்புறங்களில் கழுதையையும் குதிரையையும் இவ்வாறு தளைத்து மேயவிடுவதைத் தமிழ்நாட்டில் வளர்ந்தோர் பலரும் கண்டிருப்பர். தாம்பு மேய்ச்சலுக்கு ஒரு வட்டத்தை வரைகிறது. தளை வட்டம் எதையும் வரைவதில்லை. காலடியின் அளவை மட்டுமே வரையறுக்கிறது.

இதன் மிகப்பெரிய சான்று பர்மியத் தேக்குக் காடுகளில் உள்ளது. 1920-இல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் சேர்ந்து காட்டு யானைப் பணியில் ஈடுபட்ட ஜே. எச். வில்லியம்ஸ், 1950-இல் வெளியான ‘எலிபன்ட் பில்’ என்னும் நூலில் இம்முறையை விரிவாக விளக்கியுள்ளார். பகற்பொழுதில் மரம் இழுத்த யானையை மாலையில் குளிப்பாட்டி, முன்னங்கால்களைத் தளைத்து, கழுத்தில் மரமணி ஒன்றைக் கட்டிக் காட்டுக்குள் விட்டுவிடுவர். இரவு முழுவதும் அது தன் உணவைத் தானே தேடும். காட்டு யானைகளோடு கூடுவதும் உண்டு. விடியலில் ஊசி எனப்படும் பாகன், தடம் பார்த்தும் மணியோசை கேட்டும் அதனைத் தேடிச் செல்வான். தமிழ் இலக்கியத்தில் நாம் மிகுதியும் காணும் அரண்மனை யானை கந்தில் கட்டப்பட்டது. தீனி அதன் இடத்துக்கு வரும். பர்மியக் காட்டு யானைக்குக் கந்து இல்லை, தளை உண்டு. ஒரே விலங்கு, இருவேறு கட்டு, இருவேறு வாழ்வு.

இதனை விடுதலை என்று சொல்லிவிடலாகாது. தளை இடப்படுவது மறுநாள் வேலைக்காகவே. காட்டிலிருந்து பிடித்த யானையைத் தளைக்குப் பழக்கும் முறை கொடியது. இங்கு வலியுறுத்தப்படுவது ஒன்றே: தளைக்கும் கந்துக்கும் உள்ள வேறுபாடு அளவில் அன்று, வகையில்.

3. தளையின் பிற வழக்குகள்

மேற்கண்ட வரையறை சரியெனில், தளை என்னும் சொல் கால்நடையைக் கடந்து செல்லும் இடங்களிலும் அது பொருந்த வேண்டும். மூன்று வழக்குகளைக் காண்போம்.

முதலாவது, பனையேறுவோர் வழக்கு. தென்பாண்டி நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பனையேறுவோர் இரு கால்களையும் இணைத்து இட்டுக்கொள்ளும் நார்வளையம் தளைநார் எனப்படுகிறது. மலையாளத்தில் இது தளப்பு. இரு கால்களையும் ஒன்றோடொன்று பிணைப்பதாலேயே பாதங்கள் மரத்தைக் கவ்வுகின்றன. தளைநார் இல்லாத கால் வழுக்கும். இங்கே கட்டு இயக்கத்தைத் தடுக்கவில்லை. கட்டின்றி அவ்வியக்கமே இல்லை. இட்டவரும் இடப்பட்டவரும் ஒருவரே என்பதும் நோக்கத்தக்கது.

இரண்டாவது, மலர் வழக்கு. அரும்பின் முறுக்கைத் தளை என்பதும், அது மலர்வதைத் தளை அவிழ்தல் என்பதும் பழம் பாடல்களில் பயின்று வரும் மரபு. அரும்பைக் கட்டியது வெளியே உள்ள கயிறன்று. அதன் இதழ்களே ஒன்றையொன்று பற்றியுள்ளன. கட்டும் அவிழ்வும் பூவின் உள்ளேயே நிகழ்கின்றன.

மூன்றாவது, சைவ சித்தாந்த வழக்கு. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளைத் தமிழில் இறை, உயிர், தளை என்று கூறும் மரபு உண்டு. பசு என்பது கட்டுண்ட விலங்கு. பாசம் என்பது கயிறு. வடமொழியில் பாசம் எறியும் சுருக்குக்கயிற்றையும் குறிக்கும். எமன் கையிலுள்ளது அது. தமிழில் அதற்கு ஈடாகத் தாம்பு என்றோ தொடர் என்றோ கூறாமல் தளை என்றனர். ஆணவ மலம் வெளியிலிருந்து வந்து உயிரைப் பற்றியதன்று. செம்பில் களிம்பு போல உயிரோடு அனாதியாய் உடனிருப்பது என்பது சித்தாந்தக் கொள்கை. இருமுனையும் உயிரிலேயே உள்ள கட்டுக்குத் தளை என்னும் சொல் முற்றும் பொருந்துகிறது.

இம்மூன்றனுள் பனையேறிக்குத் தளை வேண்டுவது. அரும்புக்குக் காலம் வரும்வரை வேண்டுவது. உயிருக்கு நீங்க வேண்டுவது. மதிப்பீடுகள் வேறு வேறாயினும் அமைப்பு ஒன்றே. தளை என்பது நன்மையைக் குறிக்கும் சொல்லும் அன்று, தீமையைக் குறிக்கும் சொல்லும் அன்று. ஒன்று தன்னைத் தன்னோடு பிணைத்துக்கொண்ட நிலையைக் குறிக்கும் சொல் அது.

4. விலங்கும் தொடரும்

அடிமை நிலையைக் குறிக்கத் தமிழில் வேறு சொற்கள் இருந்தன. அவற்றுள் விலங்கு முதன்மையானது. இச்சொல் மிருகத்தையும் குறிக்கும், கைதிக்கு இடும் இரும்பையும் குறிக்கும். மிருகத்தைப் போலக் கட்டுவதால் இரும்புக்கு இப்பெயர் வந்தது என்று மாணவர்க்குச் சொல்லப்படும் விளக்கம் பொருத்தமானதாகத் தோன்றவில்லை. விலங்குதல் என்பது குறுக்கிடுதல். குறுக்கே கிடக்கும் மலை விலங்கல். உடலைக் குறுக்காகக் கொண்டு இயங்குவதால் மிருகம் விலங்கு. குறுக்கே நின்று தடுப்பதால் இரும்பும் விலங்கு. இரண்டும் ஒரே வேரின் இரு கிளைகள்.

மிருகத்தைக் குறுக்காக இயங்குவது என்று காணும் பார்வை தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியின் திரியக் என்பதும் பாலியின் திரச்சான என்பதும் அப்பார்வையிலேயே பிறந்தவை. அப்பாலிச் சொல்லே பர்மிய மொழியில் மிருகத்துக்குப் பொதுப்பெயராக இன்றும் வழங்குகிறது. யாங்கோன் மிருகக்காட்சிச் சாலையின் பெயர்ப் பலகையிலும் அது இடம்பெறுகிறது. யாங்கோன் தமிழர் வீட்டில் ஒரு சொல்லாலும் தெருவில் மற்றொரு சொல்லாலும் ஒரே கருத்தைச் சொல்கின்றனர்.

இங்கு ஒரு முரண் உள்ளது. மிருகத்தின் பெயரைத் தாங்கிய விலங்கு மனிதனுக்கு இடப்படுகிறது. மிருகத்துக்கு இடப்படுவதோ தளை. பாரதியார் தாய்நாட்டின் அடிமை நிலையைப் பாடியபோது அன்னையின் கைகளில் கண்டது விலங்கு. சொல்லாட்சி துல்லியமானது. அயலார் ஆட்சி குறுக்கே நின்று தடுப்பது. அதன் திறவுகோல் மாற்றான் கையில் உள்ளது.

தொடர் என்னும் சொல்லும் இங்கு நினைக்கத்தக்கது. புறநானூற்றின் 74-ஆம் பாட்டு, சிறைப்பட்டுக் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பெயரில் உள்ளது. பகைவரிடம் நீர் வேண்டிப் பெற நேர்ந்த இழிவை, சங்கிலியில் கட்டுண்ட நாயின் நிலையோடு வைத்து அவன் பேசுகிறான். அச்சங்கிலிக்கு அங்கு வரும் சொல் தொடர். அதே சொல்லை இன்று வாக்கியத்துக்கும் வார இதழ்க் கதைக்கும் வழங்குகிறோம். கட்டுச்சொல் ஒன்று மொழியமைப்பின் பெயராவது, ஆகவே, தளையோடு மட்டும் நிகழ்ந்ததன்று. ஆயினும் தொடரில் மானக்கேடு எங்கிருந்து வந்தது என்பதைக் கருத வேண்டும். மறுமுனை பகைவனிடம் இருந்ததே அம்மன்னனின் துயரம்.

5. யாப்பில் தளை

தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளுள் தளை இல்லை. ஆனால் அச்சொல் அவ்வியலில் வழங்குகிறது. பின்னர் வந்த அமிதசாகரர், யாப்பருங்கலக் காரிகையில் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என ஆறு உறுப்புகளைக் கொண்டு தளைக்குத் தனி இடம் தந்தார். உறுப்பாக எண்ணப்படுவதற்கு முன்பே அது ஓசையில் உணரப்பட்டிருந்தது. புலவர் நடந்தபின் இலக்கணத்தார் அடியை அளந்தனர் என்பதே இவ்வரலாற்றின் பொருள்.

நின்ற சீரின் ஈற்றசையும் வருஞ்சீரின் முதலசையும் கூடும் முறையே தளை. ஆசிரியத்தளையில் மாமுன் நேரும் விளமுன் நிரையும் வந்து ஒத்தது ஒத்ததோடு சேரும். இயற்சீர் வெண்டளையில் மாமுன் நிரையும் விளமுன் நேரும் வந்து மாறி மாறிச் செல்லும். இடக்காலும் வலக்காலும் மாறுவது போன்றது அது. வெண்சீர் வெண்டளையில் காய்முன் நேர் வரும். காய்முன் நிரை வருவது கலித்தளை. கனிமுன் நிரை வந்தால் ஒன்றிய வஞ்சித்தளை, நேர் வந்தால் ஒன்றாத வஞ்சித்தளை. ஆக ஏழு. இவ்வேழிலும் கட்டின் இரு முனைகளும் செய்யுளுக்குள்ளேயே இருப்பதைக் காணலாம். சீரைச் சீரே பற்றியுள்ளது. இலக்கணத்தான் கையில் முனை எதுவும் இல்லை.

பாக்களுக்குரிய ஓசைப் பெயர்களும் இதற்கு அரண் செய்கின்றன. செப்பலும் அகவலும் குரலைச் சுட்டுவன. துள்ளல் இயக்கத்தைச் சுட்டுவது. துள்ளலோசையைக் கன்றின் துள்ளலோடு ஒப்பிட்டு விளக்குவது இலக்கணம் கற்பிப்போர் மரபு. கலித்தளையால் அமைவது துள்ளல் எனில், கட்டப்பட்ட கன்றே துள்ளுகிறது என்றாகிறது. இது முரணன்று. தளை நடையை இல்லாததாக்குவதில்லை. இன்ன நடை என்று வேறுபடுத்துகிறது.

பிழையைக் குறிக்கும் சொல்லும் கருதத்தக்கது. வெண்பாவில் பொருந்தாத சீர் வந்தால் ‘தளை தட்டுகிறது’ என்கிறோம். கட்டு அறுந்தது என்று கூறுவதில்லை. இடைவெளி பிசகிய தளையால் கால் தட்டி இடறும் விலங்கின் காட்சியே இவ்வழக்கின் அடியில் உள்ளது எனக் கொள்ளலாம். குற்றம் விதியை மீறியது என்பதன்று. நடை இடறியது என்பதே.

செய்யுளைக் கட்டாகக் காண்பது பிற மொழிகளிலும் உண்டு. லத்தீன் மரபு உரைநடையை அவிழ்த்த பேச்சு என்றது. ஜெர்மானியர் செய்யுளைக் கட்டுண்ட பேச்சு என்பர். ஐரோப்பிய யாப்பியலிலும் பாதம் என்னும் அலகு உண்டு. பேச்சு முழுவதையும் கட்டியதாகச் சொல்வதோடு நில்லாமல், எந்த அசை எந்த அசையைப் பற்றுகிறது என்பதற்கே கால்நடைக் கட்டின் பெயரைத் தந்து ஏழாக வகுத்தது தமிழ் யாப்பியலின் தனித்தன்மை.

6. புதுக்கவிதைத் திறனாய்வில் தளை

1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழும், 1962-இல் வெளிவந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பும் தமிழ்க் கவிதையின் போக்கை மாற்றின. அம்மாற்றம் தேவையாக இருந்தது என்பதில் இக்கட்டுரையாளருக்கு ஐயமில்லை. எதுகைக்காகச் சொல்லைத் தேடி, பொருளை அதற்கேற்ப வளைத்த செய்யுட்கள் அக்காலத்தில் மலிந்திருந்தன. யாப்பு தெரிந்தவர் கவிஞர் என்னும் மயக்கமும் இருந்தது. அதனை எதிர்த்தவர்கள் ஓர் உண்மையான அடக்குமுறையையே எதிர்த்தனர்.

ஆனால் அவர்கள் எதிர்த்தது தளையை அன்று, கடிவாளத்தை. கவிஞன் எதனை, எச்சொல்லால் பாடலாம் என்று தீர்மானிக்கும் உரிமையைப் புலமையாளர் சிலர் கையில் வைத்திருந்தனர். பாடலுக்கு உள்ளே இருக்க வேண்டிய ஓசை உறவு, வெளியே இருந்து இழுக்கும் வாராயிற்று. அந்த வாரைத் தளை என்று பெயரிட்டழைத்தவர்கள் முதலில் மரபுப் புலவர்களே. புதுக்கவிதையாளர் அப்பெயரை ஏற்றுக்கொண்டு, அறுக்க வேண்டியது தளை என்றனர். இரு சாராரும் ஒரே சொல்மயக்கத்தில் நின்று வாதிட்டனர்.

அம்மயக்கத்துக்கு ஆட்படாத கவிஞர்களைக் கொண்டு இதனை மெய்ப்பிக்கலாம். இலங்கையில் மஹாகவி எனப்பட்ட து. உருத்திரமூர்த்தி (1927–1971), யாப்பைக் கைவிடாமலே அன்றாடப் பேச்சின் ஓசையைச் செய்யுளுக்குள் கொண்டுவந்தார். முருகையனும் அவ்வழியில் நின்றார். தமிழ்நாட்டில் ஞானக்கூத்தன் மரபான ஓசைகளை நவீன அங்கதத்துக்குப் பயன்படுத்தினார். இவர்களிடம் தளை உண்டு, கடிவாளம் இல்லை. புதிய மேய்ச்சல் நிலத்துக்குச் செல்ல அவர்கள் கால்கட்டை அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. அடியை அந்நிலத்துக்கேற்ப அளந்து வைத்தனர்.

மறுதலையாகவும் கூறலாம். யாப்பை விடுத்த கவிதையிலும் நல்லதாயின் ஒரு வரி அடுத்த வரியைப் பற்றியே நிற்கிறது. பாரதியாரின் ‘காட்சி’ வசனகவிதையைப் படிப்போர் இதனை உணர்வர். ஏழு தளைகளுள் அடங்காத பிணைப்பு அது, எனினும் பிணைப்பே. அப்பிணைப்பும் இல்லாதபோது எஞ்சுவது முறித்து அடுக்கிய உரைநடை. ஆகவே ஒரு கவிதையை நோக்கித் திறனாய்வாளன் கேட்க வேண்டியது, தளை உண்டா இல்லையா என்பதன்று. அதன் பிணைப்புகளின் இரு முனைகளும் கவிதைக்குள்ளேயே உள்ளனவா, அன்றி ஒரு முனை வேறெவர் கையிலேனும் உள்ளதா என்பதே. மறுமுனை இலக்கணத்தான் கையில் இருப்பினும், கட்சியின் கையில் இருப்பினும், இதழாசிரியன் கையில் இருப்பினும் அது கடிவாளமே, வெண்பாவாயினும் புதுக்கவிதையாயினும்.

7. அயலகத் தமிழுக்கு இதன் பொருத்தம்

பர்மாவுக்கு வந்த தமிழ், தெலுங்குத் தொழிலாளர் பலர் மேஸ்திரி முறையில் முன்பணம் பெற்று வந்தவர்கள். அக்கடனின் மறுமுனை மேஸ்திரியின் கணக்கேட்டில் இருந்தது, அது தாம்பு. 1942-இல் பல இலட்சம் இந்தியர் இந்நாட்டை விட்டு வெளியேறினர். 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபின், தமிழ்க் கல்வி பெரிதும் கோயில்களையும் சங்கங்களையும் சார்ந்த வகுப்புகளில் தங்கியது. அவ்வகுப்புகளில் எழுத்தும் வாசிப்பும் ஒருவாறு நிலைத்தன, யாப்பு நிலைக்கவில்லை. பர்மியத்தில் படித்துப் பர்மியத்தில் தொழில் செய்யும் இளைஞனுக்கு வெண்டளை எதற்கு என்னும் வினா நியாயமானதாகவே தோன்றும்.

அதற்கு வழக்கமாகத் தரப்படும் விடை, தாய்த்தமிழகத்தோடு உள்ள தொடர்பு அறாமல் இருக்க என்பது. அவ்விடை ஒரு தாம்பையே நீட்டுகிறது. தறி சென்னையில் நடப்பட்டுள்ளது. இங்குள்ளவர் அதைச் சுற்றியே மேய வேண்டும். அயலகத்தில் எழுதப்படும் கவிதை இரண்டாந்தரமாகக் கருதப்படுவதற்கும், இங்குள்ளவரே அவ்வாறு கருதிக்கொள்வதற்கும் இக்கட்டமைப்பு ஒரு காரணம். யாப்பைக் கற்பிக்க வேறொரு காரணம் உண்டு. ஒரு சொல் அடுத்த சொல்லை எவ்வாறு பற்றுகிறது என்பதைக் காதால் அறிந்தவனுக்கு மொழி தன்னுள் தானே இணைந்து நிற்கும். அதை நிலைநிறுத்த வெளியே தறி வேண்டியதில்லை. பர்மியச் சொல் கலந்த தமிழிலும் அவன் இடறாமல் நடப்பான்.

8. முடிவுரை

இக்கட்டுரையின் முடிபுகள் வருமாறு. ஒன்று, கால்நடைக் கட்டுகளுள் தளை மட்டுமே இரு முனையும் ஓருடலில் உள்ளது. பனையேறியின் நார், அரும்பின் முறுக்கு, உயிரின் மலம் ஆகிய வழக்குகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. இரண்டு, அடிமைப்பொருளுக்குரிய சொற்களாகத் தமிழில் விலங்கும் தொடரும் நின்றன. தளை அப்பொருளை மட்டும் சுமக்கத் தொடங்கியதால் அதன் யாப்பியற் பொருளும் திரிந்தது. மூன்று, மரபுக்கவிதை, புதுக்கவிதை ஆகியவற்றைப் பற்றிய வாதத்தில் தாக்கப்பட்டதும் காக்கப்பட்டதும் பெரும்பாலும் கடிவாளமே. நான்கு, யாப்பை மீண்டும் அயலக வகுப்பறைக்குக் கொண்டுவருவோர் அதனைத் தாயகத்தின் கயிறாகக் கொண்டுவரலாகாது. நடைப்பயிற்சியாகக் கொண்டுவர வேண்டும்.

தளை, தொடர், தொடை, கட்டு, யாப்பு எனப் பிணைப்பைக் குறிக்கும் சொற்களைக் கொண்டே மொழியமைப்பைப் பேசிய தமிழர், அவற்றுக்கிடையிலான வேறுபாடுகளையும் அறிந்திருந்தனர். அவ்வேறுபாடுகளை மீட்டெடுத்து ஒரு சொற்களஞ்சியமாகத் தொகுப்பது யாப்பியலார், நாட்டார் வழக்காற்றியலார், அகராதியியலார் ஆகிய மூவரும் கூடிச் செய்யத்தக்க பணி. மாடும் கழுதையும் ஊர்ப்புறங்களிலிருந்து குறைந்து வருகின்றன. கட்டுகளின் பெயர்களை அறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர். அப்பணி தொடங்கப்பட வேண்டிய காலம் இது.